லூயி பாஸ்டர்: தொழுவத்திலிருந்து வீட்டிற்கு வரும் நோயின் வழியை அறிந்தவர்

காரியாபட்டி வட்டாரத்தின் மானாவாரி ஊர்களில் ஆடும் மாடும் குடும்பத்தின் சேமிப்பாகும். மருத்துவச் செலவோ பிள்ளைகளின் கல்விச் செலவோ வரும்போது முதலில் விற்கப்படுவது பெரும்பாலும் ஓர் ஆடே. எனவே, ஓர் ஆடு திடீரென மாண்டுவிட்டால், இறைச்சியைப் பங்கிட்டும் தோலை விற்றும் இழப்பில் ஒரு பகுதியையேனும் மீட்கும் எண்ணம் எழுவது இயல்பு. ஆயினும் அந்த முடிவு சில வேளைகளில் மனித உயிருக்கே தீங்காக முடியக்கூடும். இதன் காரணத்தை உலகிற்கு விளக்கியவர்களுள் முதன்மையானவர் லூயி பாஸ்டர்.

தோல் பதனிடுபவரின் மகன்

பாஸ்டர் 1822 டிசம்பர் 27 அன்று, கிழக்கு பிரான்சிலுள்ள டோல் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை நெப்போலியனின் படையில் பணியாற்றியபின் தோல் பதனிடும் தொழிலை மேற்கொண்டவர். அர்புவா என்னும் ஊரில், ஊறிய தோல்களின் நடுவே பாஸ்டரின் இளமை கழிந்தது. அவர் மருத்துவம் பயின்றவர் அல்லர், வேதியியல் அறிஞர். 1847இல் முனைவர் பட்டம் பெற்று, 1849இல் மேரி லோரான் என்பவரை மணந்தார். கணவர் சொல்லச் சொல்ல ஆய்வுக் குறிப்புகளை எழுதி, இறுதிவரை அவருடைய பணிக்குத் துணை நின்றவர் மேரி.

அவர்களுடைய ஐந்து குழந்தைகளில் மூவர் இளமையிலேயே இறந்தனர். அவர்களுள் இருவரைக் கொண்டு சென்றது டைபாய்டு காய்ச்சல். 1868இல், தம் 45ஆம் வயதில், பக்கவாதத்தால் பாஸ்டரின் உடலின் இடப்பக்கம் செயலிழந்தது. அவருடைய புகழ்பெற்ற கண்டுபிடிப்புகளில் பல, அந்நோய்க்குப் பின்னரே நிகழ்ந்தன.

சூடுபடுத்துதல் என்னும் பாதுகாப்பு

1854இல் லில் நகரில் பேராசிரியரானபோது, மது புளித்துக் கெடுவதை ஆராயும் பணி அவரிடம் வந்தது. நொதித்தலுக்கும் கெடுதலுக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே காரணம் என்பதை அவர் நிறுவினார். மிதமான வெப்பத்தில் சிறிது நேரம் வைத்தால் அந்நுண்ணுயிர்கள் அழியும் என்பதை 1860களில் கண்டறிந்தார். பின்வந்தோர் இம்முறையைப் பாலுக்கும் விரிவுபடுத்தினர்.

இதன் பயன் என்ன என்பதை மால்டா தீவில் நிகழ்ந்தது காட்டும். அங்கே நெடுநாள் நீடிக்கும் ஒருவகைக் காய்ச்சலால் மக்களும் படைவீரர்களும் வருந்தினர். அதற்குக் காரணமான கிருமி ஆடுகளிடம் இருப்பதை 1905இல் தெமிஸ்டோக்கிளிஸ் சம்மிட் கண்டறிந்தார். மறு ஆண்டு படைவீரர்களுக்கு ஆட்டுப்பால் வழங்குவது நிறுத்தப்பட்டதும், அவர்களிடையே நோய் வெகுவாகக் குறைந்தது. இதுவே கன்று வீச்சு நோய் எனப்படும் புரூசெல்லோசிஸ். கால்நடைகளில் கருச்சிதைவையும், மனிதரில் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டுவலி ஆகியவற்றையும் இது உண்டாக்கும். காய்ச்சாத பால், சிதைந்த கரு, இளங்கொடி ஆகியவை இது பரவும் முக்கிய வழிகள்.

சபிக்கப்பட்ட வயல்கள்

அக்காலத்தில் பிரான்சின் சில பகுதிகளில், குறிப்பிட்ட வயல்களில் மேயும் செம்மறியாடுகள் ஆண்டுதோறும் கூட்டமாக மாண்டன. மேய்ப்பர்கள் அவற்றைச் சபிக்கப்பட்ட வயல்கள் என்றே அழைத்தனர். நோய் அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ். அதன் கிருமி, கடினமான உறையுடைய வித்துகளாக மாறித் தாக்குப்பிடிக்கும் என்பதை ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக் 1876இல் வெளிப்படுத்தியிருந்தார். ஆனால் அவ்வயல்கள் மட்டும் ஏன் கொல்கின்றன என்பது விளங்கவில்லை.

பாஸ்டரும் அவருடைய உதவியாளர்களும் அவ்வயல்களுக்கே சென்று ஆராய்ந்தனர். முன்னர் மாண்ட ஆடுகள் அங்கேயே புதைக்கப்பட்டிருந்தன. அப்புதைகுழிகளுக்கு மேலுள்ள மண்ணில் வித்துகள் இருந்தன. மண்புழுக்கள் அவற்றை மேலே கொண்டுவருகின்றன என்று பாஸ்டர் 1880இல் விளக்கினார். மழைவெள்ளமும் நிலத்தைத் தோண்டுவதும் வித்துகளை வெளிக்கொணரும் என்பது இன்று அறியப்பட்டுள்ளது. அவை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிர்ப்புடன் இருக்கும்.

மாண்ட விலங்கை அறுக்கலாகாது என்பதன் காரணமும் இதுவே. அறுபடாத உடலுக்குள் இருக்கும் கிருமி, அழுகலின்போது பெரும்பாலும் அழிந்துவிடும். உடலை அறுத்துக் காற்றுப்படச் செய்தால் அக்கிருமி வித்தாக மாறி மண்ணிலும் கையிலும் தோலிலும் தங்கிவிடும்.

புய்யி-லெ-ஃபோர் சோதனை

வீரியம் குறைக்கப்பட்ட கிருமியைக் கொண்டு பாஸ்டரின் குழுவினர் அடைப்பானுக்குத் தடுப்பூசி உருவாக்கினர். 1881 மே மாதம் புய்யி-லெ-ஃபோர் என்னும் ஊரில் அது பலர் முன்னிலையில் சோதிக்கப்பட்டது. 24 செம்மறியாடுகளுக்கும் ஒரு வெள்ளாட்டிற்கும் சில மாடுகளுக்கும் இருமுறை தடுப்பூசி போடப்பட்டது. அதே அளவு ஆடுகளுக்கும் வேறு சில மாடுகளுக்கும் போடப்படவில்லை. மே 31 அன்று எல்லாவற்றிற்கும் வீரியமுள்ள கிருமி செலுத்தப்பட்டது. ஜூன் 2 அன்று மக்கள் திரண்டபோது, தடுப்பூசி பெற்றவை நலமாக நின்றன. பெறாத ஆடுகளில் பெரும்பாலானவை மாண்டு கிடந்தன; எஞ்சியவையும் பிழைக்கவில்லை.

இன்று மேம்படுத்தப்பட்ட வேறொரு தடுப்பூசி பயன்பாட்டில் உள்ளது. 1932இல் ராணிப்பேட்டையில் தொடங்கப்பட்ட அரசு நிலையம் அதனைத் தயாரிக்கிறது.

வெறிநோயை வென்றது

1885 ஜூலை 6 அன்று, வெறிநாயால் கடிக்கப்பட்ட ஜோசப் மைஸ்டர் என்னும் 9 வயதுச் சிறுவன் பாஸ்டரிடம் அழைத்து வரப்பட்டான். பாஸ்டர் மருத்துவர் அல்லர் என்பதால், வேறொரு மருத்துவர் ஊசிகளைச் செலுத்தினார். 10 நாட்களில் 13 ஊசிகள் போடப்பட்டன, சிறுவன் பிழைத்தான். 1888இல் பாரிஸில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. 1895 செப்டம்பர் 28 அன்று பாஸ்டர் காலமானார். 1907 முதல் நம் மாநிலத்தின் குன்னூரிலும் அவர் பெயரால் ஒரு நிலையம் இயங்கி வருகிறது.

வெறிநோய் நாயோடு நிற்பதில்லை. வெறிநாய் கடித்த மாடு சில வாரங்களுக்குப் பின் உமிழ்நீர் வடித்து, விழுங்க இயலாமல் நிற்கும். தொண்டையில் ஏதோ சிக்கியிருப்பதாக எண்ணி வாய்க்குள் கைவிடுவோர் உண்டு. அது மிகவும் ஆபத்தானது.

கால்நடை வளர்ப்போர் கவனத்திற்கு

- திடீரென மாண்ட ஆடு மாடுகளை அறுக்கவோ தோலுரிக்கவோ வேண்டாம். அவற்றின் இறைச்சியை உண்ணவோ விற்கவோ வேண்டாம். மூக்கு, வாய், ஆசனவாய் வழியே உறையாத இரத்தம் கசிந்திருந்தால் அடைப்பான் என ஐயுற வேண்டும்.
- நாய்கள் அண்டாமல் பார்த்துக்கொண்டு, கால்நடை மருத்துவருக்கோ 1962 என்ற எண்ணிற்கோ தெரிவிக்கவும். அவர் கூறும் இடத்தில், நீர்நிலைக்கு அப்பால், ஆழமான குழியில் சுண்ணாம்பிட்டுப் புதைக்கவும்.
- பாலைப் பொங்கக் காய்ச்சிய பின்னரே பருகவும்.
- இளங்கொடியையும் சிதைந்த கருவையும் கையுறை அணிந்தே அகற்றவும். பின்னர் சோப்பால் கைகழுவவும். கர்ப்பிணிகள் இப்பணியைச் செய்யலாகாது.
- விலங்கு கடித்தாலோ, காயத்தில் அதன் உமிழ்நீர் பட்டாலோ, ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடங்கள் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லவும். தடுப்பூசி இலவசம்.

கையிலோ முகத்திலோ வலியற்ற கொப்புளம் தோன்றி நடுவில் கருத்துப் புண்ணானால், அல்லது காய்ச்சல் ஒரு வாரத்திற்கு மேல் நீடித்தால், தாமதியாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். அடைப்பானும் புரூசெல்லோசிஸும் உரிய காலத்தில் கண்டறியப்பட்டால் மருந்துகளால் குணமாகக்கூடியவை. மருத்துவரிடம் காய்ச்சலை மட்டும் கூறாமல், வீட்டில் ஆடு மாடு வளர்ப்பதையும், அண்மையில் ஏதேனும் மாண்டதையும் கன்று வீசியதையும் சேர்த்துக் கூறவும். நோயைக் கண்டறிய எந்தப் பரிசோதனை தேவை என்பதை அச்செய்தியே பல வேளைகளில் முடிவு செய்கிறது.