நீதியரசர் ஜோன்ஸ்டனின் ஏடுகளும் திருகோணமலையும்

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் முஸ்லிம்களின் குடியிருப்பு எவ்வளவு தொன்மையானது என்ற வினா எழும்போதெல்லாம், 1827இல் லண்டன் ராயல் ஆசியக் கழக வெளியீட்டில் இடம்பெற்ற கடிதமொன்றை ஆய்வாளர்கள் புரட்டிப் பார்ப்பதுண்டு. அதனை எழுதியவர் இலங்கையின் பிரதம நீதியரசராக விளங்கிய சர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன்.

1775இல் ஸ்கொட்லாந்தில் பிறந்த அவர் வளர்ந்தது நமது மதுரையில். தந்தைக்கு அங்கேதான் உத்தியோகம். மிஷனரி சுவார்ட்ஸிடம் பாடம் கேட்டுத் தமிழையும் தெலுங்கையும் இளமையிலேயே கற்றார். நீதிபதி ஆசனத்தில் அமர்ந்தபின் இந்த மொழியறிவு அவருக்குப் பெரிதும் கைகொடுத்திருக்க வேண்டும்.

இலங்கைக்கு வந்த ஜோன்ஸ்டன், மக்களின் வழக்காறுகளை அறியாமல் நீதி வழங்க முடியாது எனக் கருதினார். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை 1806இல் சட்ட வடிவம் பெற்றது. கொழும்பு மாகாண முஸ்லிம்களின் வாரிசுரிமை, விவாகம் பற்றிய தொகுப்பும் அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. ஊர்த் தலைவர்களின் வாக்கே அதற்கு ஆதாரம். பெண்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை. இன்றைய விவாகச் சட்டச் சீர்திருத்த விவாதத்தில் ஈடுபடுவோர் இதனை மனத்திற் கொள்வது நன்று. அத்தொகுப்பு திருகோணமலை உள்ளிட்ட தீவு முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது 1852இல்தான். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே ஜோன்ஸ்டன் மறைந்துவிட்டார்.

சுதேசிகளும் யூரிகளாக அமரும் முறை 1811இல் ஏற்பட்டதற்கும், 1816 ஆகஸ்ட் 12 முதல் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என்று உடைமையாளர்கள் இணங்கியதற்கும் அவரது முயற்சியே காரணம். எனினும் அடிமைமுறை முற்றாக ஒழிய 1844 வரை காத்திருக்க நேர்ந்தது.

அவர் தேடிச் சேர்த்த ஏடுகளின் கதை சோகமானது. 1809இல் இங்கிலாந்து நோக்கிச் சென்ற லேடி ஜேன் டன்டாஸ் என்ற கப்பல் கடலில் மறைந்தபோது, அவரது பெருந்தொகுப்பு ஒன்றும் அதனுடன் மூழ்கியது. மனந்தளராது மீண்டும் சேகரித்தார். கொழும்பில் கிடைத்த ஹிஜ்ரி 337ஆம் ஆண்டு அரபுக் கல்லறைக் கல்வெட்டின் வாசகம் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் சாமுவேல் லீயால் மொழிபெயர்க்கப்பட்டமைக்கும் அவரே வழிகோலினார்.

அக்கடிதத்தின்படி, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலீபா அப்துல் மலிக்கின் கொடுமைக்கு அஞ்சிப் புறப்பட்ட ஹாஷிம் குலத்தார் இலங்கையில் எட்டு இடங்களில் குடியேறினர். அவற்றுள் திருகோணமலையும் ஒன்று. இது முஸ்லிம்கள் அவரிடம் கூறிய மரபுச் செய்தியே தவிர, அக்காலத்து ஆவணம் அன்று. 1888இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் முஸ்லிம்களின் இனமூலம் பற்றி எழுதியதும், 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதனை மறுத்ததும் நாம் அறிந்தவை. மரபைச் சான்றென்று கொள்வதும், சான்றில்லை என்பதற்காக மரபை எள்ளி நகையாடுவதும் ஒருங்கே தவறு என்பது நமது துணிபு.

சுனாமியிலும், 2006இல் மூதூர் மக்கள் இடம்பெயர்ந்த போதும், வீட்டுப் பெட்டிகளில் இருந்த காணி உறுதிகளும் பழைய காகிதங்களும் அழிந்தன. எஞ்சியவற்றைப் படியெடுத்து வைக்கும் பணி பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் இன்றே தொடங்கப்படலாம். ஜோன்ஸ்டன் மன்னாரையும் மாந்தையையும் பற்றி விரிவாக எழுதினார். திருகோணமலைக்கு அக்கடிதத்தில் கிடைத்தது சுருக்கமான குறிப்பே.