கெடிலக்கரைக் காடவன் கோப்பெருஞ்சிங்கன்



சரித்திரம் என்றால் தஞ்சாவூருக்கோ மதுரைக்கோ போக வேண்டும் என்று நினைக்கிறோம். ஆனால் ஒரு சோழச் சக்கரவர்த்தியையே பிடித்துச் சிறை வைத்த ஒருவர் நம் பக்கத்திலேயே கோட்டை கட்டி ஆண்டிருக்கிறார். பண்ருட்டி போகும்போது கெடிலம் ஆற்றைப் பார்த்திருப்பீர்கள். அதே ஆற்றில் மேற்கே போனால், உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகில் சேந்தமங்கலம் என்ற ஊர் வரும். (நாமக்கல் பக்கத்துச் சேந்தமங்கலம் வேறு.) அதுதான் காடவர் குலத்துக் கோப்பெருஞ்சிங்கனின் தலைநகரம்.

குலமும் வளர்ச்சியும்

காடவர்கள் தங்களைப் பல்லவர் வழி என்று சொல்லிக்கொண்டவர்கள். காஞ்சியில் பல்லவ ஆட்சி முடிந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும், கச்சியராயன், காடவராயன் என்ற பட்டங்களை விடாமல் வைத்திருந்தார்கள். ஆனால் அவர்களுடைய அன்றாட வேலை சோழருக்குக் கீழே உத்தியோகம்தான். திருமுனைப்பாடி நாட்டில், அதாவது நம் கடலூர், பண்ருட்டி வட்டாரத்தில், பாடிகாவல் அவர்கள் கையில் இருந்தது. ஊரைக் காவல் காப்பதும், அதற்கு உரிய வரியை வாங்கிக்கொள்வதும் பாடிகாவல். அந்தக் காலத்தில் காவலும் வசூலும் ஒரே குடும்பத்திடம் பல தலைமுறை இருந்தால், அந்தக் குடும்பம் அரசன் அளவுக்கு வளர்ந்துவிடும். காடவர் விஷயத்தில் அதுதான் நடந்தது.

1186ஆம் ஆண்டைச் சேர்ந்த விருத்தாசலம் கோயில் கல்வெட்டு ஒன்று இவர்களின் வம்ச வரிசையைத் தருகிறது. வளந்தனார், ஆட்கொல்லி, ஏழிசைமோகன், அரசநாராயணன், வீரசேகரன் என்று அது போகிறது. இவர்களில் பலரும் ஆளப்பிறந்தான் என்ற பட்டத்தைப் போட்டுக்கொண்டார்கள். இன்னும் உத்தியோகத்தில்தான் இருக்கிறார்கள்; ஆனால் பெயரிலேயே ஆளும் ஆசை தெரிகிறது. அடுத்து வந்த மணவாளப்பெருமாள் காலத்தில் சேந்தமங்கலம் படைவீடாக மாறியது. அவருக்குப் பின் வந்தவர் கோப்பெருஞ்சிங்கன்.

இந்தப் பெயரில் இருந்தவர் ஒருவரா இருவரா என்று ஆய்வாளர்களிடையே ஒரு விவாதம் உண்டு. தந்தை, மகன் என்று இருவர் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்பது. நானும் அப்படியே சொல்கிறேன்.

அரசனைச் சிறைப்பிடித்தல்

மூன்றாம் இராசராசன் 1216இல் சோழப் பட்டத்துக்கு வந்தபோது பேரரசு ஆட்டம் கண்டிருந்தது. பாண்டியர் படை தஞ்சையையும் உறையூரையும் எரித்தது. சோழருக்குக் கை கொடுத்தவர்கள் கர்நாடகத்தின் ஹொய்சளர்கள். இந்த நிலையில்தான், 1231இல், வந்தவாசிக்குப் பக்கத்தில் உள்ள தெள்ளாறில் கோப்பெருஞ்சிங்கன் சோழனைத் தோற்கடித்து, பிடித்துக்கொண்டு வந்து சேந்தமங்கலத்தில் அடைத்து வைத்தார். நாலு நூறு ஆண்டுகளுக்கு முன் பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் பெரிய வெற்றி பெற்றதும் இதே தெள்ளாறுதான். பல்லவர் வழி என்று சொல்லிக்கொண்டவருக்கு இந்தப் பொருத்தம் எவ்வளவு மகிழ்ச்சி தந்திருக்கும்!

நம் காடவருக்கு 33 ஆண்டுகள் கழித்து இங்கிலாந்திலும் இப்படி ஒன்று நடந்தது. லெஸ்டர் பிரபு சைமன் டி மான்ட்ஃபோர்ட் 1264இல் லூயிஸ் போரில் தன் மன்னர் மூன்றாம் ஹென்றியைச் சிறைப்பிடித்தார். அடுத்த ஆண்டே போரில் கொல்லப்பட்டார். கோப்பெருஞ்சிங்கன் தப்பினார். ஆனால் அதற்கான விலையை வேறு யாரோ கொடுத்தார்கள்.

செய்தி கேட்ட ஹொய்சள மன்னர் இரண்டாம் நரசிம்மன் துவாரசமுத்திரத்திலிருந்து கிளம்பி வந்தார். பாச்சூரில் தங்கிக்கொண்டு, அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்ற இரண்டு தண்டநாயகர்களை நம் பகுதிக்கு அனுப்பினார். அவர்கள் செய்ததெல்லாம் கடலூர் அருகே திருவகீந்திபுரம் கோயிலில் கல்வெட்டாக இருக்கிறது. கிராமங்களை அழித்தார்கள். நடுவில் சிதம்பரம் போய்ப் பொன்னம்பலத்தைக் கும்பிட்டார்கள். பிறகு மறுபடியும் வேலையைத் தொடர்ந்தார்கள். திருப்பாதிரிப்புலியூர், திருவதிகை என்று நாம் இன்று பஸ்ஸில் கடக்கும் ஊர்கள் அந்தப் பட்டியலில் வருகின்றன. நாட்டை எரித்து, பெண்களைப் பிடித்து, கொள்ளையடித்துக்கொண்டு சேந்தமங்கலத்தை நெருங்கினார்கள். முற்றுகைக்கு முன் கோப்பெருஞ்சிங்கன் சமாதானம் பேசி, சோழனை விடுவித்தார். அரசனுக்கு அரியணை திரும்பக் கிடைத்தது. காடவருக்குக் கோட்டையும் உயிரும் மிஞ்சின. எரிந்த ஊர்க்காரர்களுக்கு என்ன கிடைத்தது என்று எந்தக் கல்லிலும் எழுதவில்லை.

மகன் காலம்

மகன் கோப்பெருஞ்சிங்கன் 1243இலிருந்து தன் பெயரிலேயே ஆட்சி ஆண்டு போட்டுக் கல்வெட்டு வெட்டினார். இவருடைய தாயார் பெயர் சீலவதி. சகலபுவனச் சக்கரவர்த்தி, அவனி ஆளப்பிறந்தான் என்று பட்டங்கள் நீளுகின்றன. பரதம் வல்ல பெருமாள் என்ற பட்டமும் உண்டு. நாட்டியத்திலும் தமிழிலும் ஈடுபாடு கொண்ட குடும்பம் இது. சிதம்பரம் கோயிலின் தெற்குக் கோபுரத்துக்குச் சொக்கச்சீயன் என்ற காடவர் பெயரே வைக்கப்பட்டது. கிழக்குக் கோபுரத் திருப்பணியைத் தாம் செய்ததாக இந்த மகன் ஆந்திராவில் உள்ள திரிபுராந்தகம் கல்வெட்டில் சொல்கிறார். அங்கே திராட்சாராமத்திலும் 1262ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கெடிலக்கரையிலிருந்து கோதாவரிக்கரை வரை போயிருக்கிறார்கள்.

1253இல் இவர் பெரம்பலூரில் ஹொய்சளப் படையை முறியடித்தார். கேசவன், அரிகரன் என்ற தண்டநாயகர்கள் அதில் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய பெண்களையும் பண்டாரத்தையும் இவர் கைப்பற்றினார். அப்பா காலத்தில் அவர்கள் இங்கே செய்ததை இவர் திருப்பிச் செய்தார் என்று சொல்லலாம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்தப் பாவத்துக்குப் பிராயச்சித்தமாக விருத்தாசலம் சுவாமிக்கு ஒரு நெற்றிப்பட்டம் செய்து கொடுத்தார். அதையும் கல்வெட்டாகப் பொறித்து வைத்தார்.

இவருடைய வாழ்க்கையில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இந்த இடம்தான். வெற்றியைக் கல்லில் எழுதாத அரசன் கிடையாது. தான் செய்தது பாவம் என்று கல்லில் எழுதியவர்கள் மிகக் குறைவு. நெற்றிப்பட்டம் கொடுத்ததால் கணக்கு நேராகிவிடுமா என்றால், ஆகாது. பிடிபட்ட பெண்கள் வீடு திரும்பியதாகச் செய்தி இல்லை. ஆனாலும் பற்று வரவு இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதும் மனம் அவருக்கு இருந்தது. பட்டங்களை மட்டும் படித்துவிட்டு நகர்ந்தால் இந்த மனிதர் நமக்குத் தெரியாமலே போய்விடுவார்.

முடிவு

1251இல் பட்டத்துக்கு வந்த சடையவர்மன் சுந்தரபாண்டியன் எல்லாவற்றையும் மாற்றினார். சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டு, யானைகளையும் செல்வத்தையும் எடுத்துக்கொண்டு, நாட்டை மட்டும் கோப்பெருஞ்சிங்கனிடம் திருப்பிக் கொடுத்தார். அதன்பின் காடவர் பாண்டியருக்கு அடங்கியவரானார். அவருடைய கடைசிக் கல்வெட்டுகள் 1279ஐ ஒட்டியவை. சோழர் வரிசையின் கடைசி அரசர் மூன்றாம் இராசேந்திரனின் ஆட்சியும் அதே ஆண்டோடு முடிகிறது. சிறை வைத்த குலமும் சிறைப்பட்ட குலமும் ஒன்றாகவே சரித்திரத்திலிருந்து விலகின.

சேந்தமங்கலத்தில் கோட்டை இடிந்து கிடக்கிறது. ஆபத்சகாயேஸ்வரர் கோயில் இருக்கிறது. அங்குள்ள கற்குதிரைகள் தட்டினால் ஓசை எழுப்புபவை என்று பெயர் பெற்றவை. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு நாள் போய் வரலாம். காலையில் திருவகீந்திபுரம், பிறகு பண்ருட்டி வழியாகத் திருவதிகை, அங்கிருந்து மேற்கே சேந்தமங்கலம் என்று வைத்துக்கொண்டால், ஹொய்சளப் படை நாசம் செய்துகொண்டு போன அதே வழியில் நாம் போவோம். இன்னொரு நாள் விருத்தாசலம் போனால், நெற்றிப்பட்டம் கொடுத்த கதையைப் பிள்ளைகளுக்கு அந்தக் கோயிலில் வைத்தே சொல்லலாம்.