தாயகம் திரும்பியும் தமிழை விடாத வைத்தியர் கிறீன்

பிறநாட்டில் பல்லாண்டு காலம் வைத்தியப் பணியாற்றி விட்டுத் தாயகம் திரும்புவோர், அத்துடன் அந்நாட்டுடனான தொடர்பு முடிந்துவிட்டதாகக் கருதுவதே வழமை. இவ்வழமைக்கு மாறாக, ஊர் திரும்பிய பின்னரும் இறக்கும்வரை தாம் பணியாற்றிய மண்ணின் மக்களுக்காகவே உழைத்த ஒருவர் யாழ்ப்பாணத்தின் வரலாற்றில் இடம்பெற்றிருக்கின்றார். அவரே வைத்திய கலாநிதி சமூவேல் பிஸ்க் கிறீன்.

அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்ரர் நகரில் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி பிறந்த கிறீன், நியூயோர்க்கில் மருத்துவம் கற்று 1845இல் பட்டம் பெற்றார். அமெரிக்க மிஷனின் மருத்துவ ஊழியராக 1847இல் கப்பலேறி, அவ்வாண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தை வந்தடைந்தார். முதலில் வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் அவரது பணி நடைபெற்றது. வாந்திபேதியும் அம்மையும் ஊர்களைச் சூறையாடிய காலம் அது. நோயாளர் தொகையோ பெரிது, வைத்தியரோ ஒருவர். ஒருவர் எத்தனை பேருக்குத்தான் மருந்து கொடுக்க முடியும்? இந்த மண்ணின் பிள்ளைகளையே வைத்தியர்களாக்குவதைத் தவிர வேறு வழியில்லை என்பதை அவர் விரைவிலேயே உணர்ந்துகொண்டார். 1848இல் ஒரு சில மாணவர்களுடன் அவர் வகுப்பைத் தொடங்கினார். கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இலேயே ஆரம்பிக்கப்பட்டது என்பதை நோக்கும்போது, இம்முயற்சியின் முன்னோடித் தன்மை தெளிவாகும்.

ஆரம்பத்தில் பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடைபெற்றன. ஆயினும் ஆங்கிலத்தில் கற்ற வைத்தியர்கள் அரசாங்க உத்தியோகத்தையும் வெளியூர் ஊதியத்தையும் நாடிச் செல்வதையும், கிராமத்து நோயாளி பழைய நிலையிலேயே விடப்படுவதையும் கிறீன் கண்டார். 1857இல் ஓய்வுக்காக அமெரிக்கா சென்று, 1862இல் திருமணம் செய்துகொண்டு துணைவியாருடன் மீண்டும் மானிப்பாய்க்கு வந்த அவர், 1864 அளவில் மருத்துவக் கல்வியை முற்றாகத் தமிழுக்கு மாற்றினார். ஆங்கிலக் கல்வியே உயர்வுக்கு வழி என்றிருந்த அக்காலத்தில் இம்மாற்றம் பலருக்கு உவப்பாக இருக்கவில்லை. எனினும் அவர் பின்வாங்கவில்லை. தமிழில் கற்ற வைத்தியன் தமிழ் ஊரிலேயே தங்குவான் என்பதும், தான் கற்றதை நோயாளிக்கு விளங்கும்படி எடுத்துக் கூறுவான் என்பதும் அவரது கணிப்பு.

தமிழில் கற்பிப்பதற்குத் தமிழில் நூல்கள் வேண்டும். நவீன மருத்துவத்துக்கு அன்று தமிழில் நூல்களும் இல்லை. போதிய கலைச்சொற்களும் இல்லை. தாமே தமிழைக் கற்றுத் தேர்ந்த கிறீன், சாப்மன், டான்போர்த் முதலிய தமது தமிழ் மாணவர்களின் துணையுடன் இப்பெரும் பணியில் இறங்கினார். மாணவர்கள் மொழிபெயர்க்க, அவர் வரிக்கு வரி திருத்தினார். பொருத்தமான தமிழ்ச் சொல் கிடைக்காவிடின் வடமொழியை நாடினார்; அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இசைவாக்கி எடுத்துக்கொண்டார். இரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் எனப் பெயர் வந்தது இவ்வாறே. 1867இல் இரண வைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் என நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. அவரது முயற்சியால் தமிழுக்குக் கிடைத்த மருத்துவ, விஞ்ஞானப் பக்கங்கள் 4,000க்கும் மேற்பட்டவை. அவரிடம் பயின்று வெளியேறிய வைத்தியர்களோ 60க்கும் மேற்பட்டோர்.

அவர் ஒரு மிஷனரி என்பதையும், சமயப் பணி அவரது நோக்கங்களுள் முதன்மையானது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால், கிறிஸ்தவராகும் தமிழர் மேனாட்டு உடையையும் நடையையும் பின்பற்ற வேண்டும் என்பதை அவர் ஏற்கவில்லை. அவர்கள் தமிழராகவே வாழவேண்டும் என்பதே அவரது விருப்பம்.

உடல்நலம் குன்றியதால் 1873இல் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டு நிரந்தரமாகப் புறப்பட்டார். வூஸ்ரரில் இருந்தது அவரது குடும்பத்தின் பூர்வீக இல்லம். அங்கே அமைதியாக ஓய்வெடுத்திருந்தாலும் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ அங்கிருந்தபடியே தமிழ்க் கையெழுத்துப் படிகளைத் திருத்தினார். திருத்திய தாள்கள் கடல் கடந்து வந்தன. கெமிஸ்தம் 1875இல் வெளியாயிற்று. மனுஷ சுகரணம் 1883இல் வெளியானது. அதற்கு அடுத்த ஆண்டு, 1884 மே 28ஆம் திகதி அவர் காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்ற செய்தி தமது கல்லறையில் பொறிக்கப்பட வேண்டும் என்பது அவரது விருப்பமாக இருந்தது. மானிப்பாயில் இன்று அவரது பெயரைத் தாங்கி நிற்கின்றது கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை.

அவர் எழுப்பிய வினா இன்னும் தீரவில்லை. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியைத் தொடர்ந்து நமது மருத்துவர்கள் பலர் நாட்டை விட்டுச் சென்றனர். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. ஒருவர் எங்கு வாழ்வது என்பது அவரவர் உரிமை. கிறீனும் தம் ஊரை விட்டுப் பிற நாட்டில் உழைத்தவர்தான். ஆனால் தூரம் பணிக்குத் தடையல்ல என்பதை அவரது இறுதிப் பதினொரு ஆண்டுகள் காட்டுகின்றன. கப்பல் தபாலை நம்பி அவர் செய்ததை, நொடிப்பொழுதில் செய்தி பரிமாறும் இக்காலத்தில் புலம்பெயர்ந்த மருத்துவர்கள் செய்வது கடினமன்று.

மறுபுறத்தில், தமிழ் பேசும் நோயாளி, அவர் தமிழராயினும் முஸ்லிமாயினும், தமது வருத்தத்தைச் சொந்த மொழியில் கூறவும் மருந்தின் விபரத்தை அதே மொழியில் கேட்டறியவும் இயலாத நிலை நம் நாட்டு வைத்தியசாலைகள் பலவற்றில் இருந்து வருகின்றது. மருத்துவக் கல்வி மீண்டும் தமிழுக்கு வருமா என்பது வேறு விடயம். நோயாளியின் கைக்குச் செல்லும் துண்டுப் பிரசுரமேனும், மருந்துக் குறிப்பேனும் நல்ல தமிழில் அமைய வேண்டாமா? மொழி தெரியாது வந்த ஓர் அந்நியர் 4,000 பக்கங்களைத் தந்து சென்றிருக்கையில், தமிழையே தாய்மொழியாகக் கொண்ட நாம் சாக்குப்போக்குச் சொல்வது அழகல்ல.