துறை இல்லாத காலத்தில் கணினி படித்தவர்

பல்கலைக்கழகத்தில் கணினித் துறையில் இடம் கிடைக்கவில்லை என்று ஒரு தம்பி, போன மாதம் புக்கிட் பாத்தோக் சந்திப்புக்கு முகம் வாடி வந்திருந்தான். எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு அவனுக்கு நினைப்பு. அன்றைக்கு அவனிடம் ரங்கசாமி நரசிம்மனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். நேரமாகிவிட்டதால் பாதியில் விட்டேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நரசிம்மன் 1926-ல் சென்னையில் பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்பு படித்தார். பிறகு அமெரிக்கா போய் கால்டெக்கில் மின்பொறியியல், இந்தியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம். கணினியியல் என்று ஒரு துறை அப்போது இந்தியாவில் எங்கேயும் கிடையாது. கேம்பிரிட்ஜிலேயே 1953-ல்தான் ஓராண்டு டிப்ளமா தொடங்கினார்கள்.

1954-ல் அவர் பம்பாயில் ஹோமி பாபா நடத்திய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். வேலை என்ன தெரியுமா? ஒரு கணினியைக் கட்டுவது. குழுவில் பெரும்பாலோர் இயற்பியல் படித்த இளைஞர்கள். அவரைத் தவிர வேறு யாரும் கணினியைப் பயன்படுத்தியதுகூட இல்லை! முதலில் சின்னதாக ஒரு மாதிரி இயந்திரம் செய்து பார்த்தார்கள். பெரிய இயந்திரம் 1960-ல் ஓட ஆரம்பித்தது. சுமார் 2,700 வெற்றிடக் குழாய்கள். நினைவகம் 40 பிட் அளவில் 2,048 சொற்கள், அதாவது நம்ம கணக்குப்படி வெறும் 10 கிலோபைட். கைபேசியில் எடுக்கிற ஒரு படம்கூட அதில் அடங்காது. 1962-ல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் வைத்தார்.

ஆனால் ஒரு சங்கடம். இவர்கள் கட்டி முடிப்பதற்குள் உலகம் டிரான்சிஸ்டருக்கு மாறிவிட்டது. 1964-ல் அதே நிலையத்துக்கு அமெரிக்காவின் சிடிசி 3600 வந்தது. அப்போ அத்தனை வருட உழைப்பும் வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. வெளியிலிருந்து விஞ்ஞானிகள் தங்கள் கணக்குகளைத் தூக்கிக்கொண்டு டிஃப்ராக்கிடம் வந்தார்கள், நிரல் எழுதக் கற்றுக்கொண்டு போனார்கள். கட்டியவர்களுக்கோ அந்த இயந்திரமே வகுப்பறை. அவங்களுக்கு என்ன பட்டம் கொடுத்தாங்க என்று தம்பி கேட்டான். கணினியில் பட்டம் என்று ஒன்று இருந்தால்தானே கொடுப்பதற்கு!

கான்பூர் ஐஐடிக்கு 1963-ல் ஐபிஎம் 1620 வந்தது. அதன் பிறகுதான், ஈரோட்டில் பிறந்த ராஜாராமன் போன்றவர்கள் கணினியைப் பாடமாகவே நடத்தினார்கள்.

நரசிம்மன் இதற்கிடையே இலினாய்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய், படத்தில் இருப்பதை இயந்திரம் எப்படிப் புரிந்துகொள்ளும் என்று ஆராய்ந்தார். திரும்பி வந்து இந்தியக் கணினிச் சங்கத்தின் முதல் தலைவரானார். 1977-ல் பத்மஸ்ரீ. எனக்குப் பிடித்தது அவருடைய பிற்கால வேலைதான். குழந்தை எப்படிப் பேசக் கற்றுக்கொள்கிறது என்பதை வருடக்கணக்காக ஆராய்ந்து புத்தகம் எழுதினார். 2007-ல் பெங்களூரில் காலமாகும்போது அவருக்கு வயது 81.