மீன் டாக்டர் பிரான்சிஸ் டே

பிரான்சிஸ் டே என்றதும், 1639ல் சென்னைப் பட்டணம் உருவாக இடம் பிடித்த கம்பெனிக்காரர்தானே என்று கேட்பீங்க. இல்லை, அவர் வேறு. இவர் அவருக்கு 200 வருஷம் பிந்தி வந்தவர். (பேரைப் படித்ததும் பின் பெஞ்சில் சிரிக்கிறாங்க. ‘டே’ அவருடைய குடும்பப் பெயர்.)

இவர் 1829 மார்ச் 2ஆம் தேதி இங்கிலாந்தில் சசெக்ஸ் பகுதியில் பிறந்தார். டாக்டருக்குப் படித்து, 1852ல் மதராஸ் ராணுவத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வேலை வைத்தியம், ஆனால் மனசு முழுக்க மீன் மேல்தான். கொச்சியில் இருந்தபோது பார்த்த மீன்களை வைத்து, 1865ல் மலபார் மீன்கள் பற்றி ஒரு புத்தகம் போட்டார்.

வெள்ளைக்காரங்களுக்குத் தூண்டில் ஒரு விளையாட்டு. முள்ளில் இறகையும் நூலையும் கட்டிப் பூச்சி மாதிரி செய்து, குளிர்ந்த ஓடையில் வீசி ட்ரவுட் மீன் பிடிப்பாங்க. அந்த மீனை நம்ம நீலகிரியில் வளர்க்க டே 1863ல் முயற்சி செய்தார். பலிக்கவில்லை. 1907 வாக்கில்தான் வேறொருவர் முயற்சியில் அவலாஞ்சியில் ட்ரவுட் பண்ணை வந்தது. இப்போது அமெரிக்காவின் புளோரிடாவிலும் பஹாமாஸ் தீவுகளிலும் இதே இறகுத் தூண்டிலை முழங்கால் அளவு உப்புத் தண்ணியில் நின்று வீசுறாங்க. பிடித்த மீனைத் திரும்பத் தண்ணியிலேயே விட்டுடுவாங்களாம். எங்க தெருவில் இதைச் சொன்னேன், யாரும் நம்பவில்லை.

முட்டுக்காடு, கோவளம் பக்கம் நமக்கும் அந்த மாதிரி ஆழமில்லாத உப்புத் தண்ணி இருக்கு. அங்கே தண்ணிக்குள் உட்கார்ந்து கையால் தடவியே இறால் பிடிக்கிறவங்க உண்டு. கொடுவா, மடவை எல்லாம் கடலுக்கும் கழிக்குமாகப் போய் வரும். டே இந்த மாதிரி மீன்களைத் தேடி மதராஸ் கடற்கரைக்கும் மார்க்கெட்டுக்கும் போய்ச் சேகரித்தார்.

அந்தக் காலத்தில் ஆறுகளில் அணை கட்டினாங்க. உல்லம் என்ற மீன் கடலில் வாழும், முட்டை போட மட்டும் ஆற்றில் ஏறும். குறுக்கே அணை வந்தால் அது எப்படி ஏறும்? அணை கட்டிய ஆர்தர் காட்டனே 1867ல் இதைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதினார். அரசாங்கம் டேயை விசாரிக்கச் சொன்னது. அவர் கொள்ளிடம் அணையைப் பார்த்துவிட்டு, மீன் ஏறிப் போக வழி விடணும் என்று சொன்னார். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான். மீனுக்காக ஒரு அணையைக் கேள்வி கேட்டாரே! ஆனால் 1934ல் மேட்டூர் அணை வந்த பிறகு, காவிரியில் உல்லம் மேலே ஏறுவது நின்றே போச்சு.

1871ல் அவரை இந்தியா முழுமைக்கும் மீன்வளத் தலைமை ஆய்வாளர் ஆக்கினாங்க. பர்மா வரைக்கும் சுற்றினார். வலைக்கண் ரொம்பச் சின்னதாக இருந்தால் குஞ்சு மீன் எல்லாம் அழியும் என்று 1873ல் அறிக்கை கொடுத்தார். வெடி போட்டும் விஷம் கலந்தும் மீன் பிடிக்கக் கூடாது என்ற சட்டம் 1897ல்தான் வந்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை.

அவருடைய பெரிய புத்தகம் ‘இந்தியாவின் மீன்கள்’. 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வந்தது. 1400க்கு மேல் மீன் வகைகள், ஏறக்குறைய 200 பக்கம் படங்கள். அறிவியல் டீச்சர் கம்ப்யூட்டரில் காட்டினாங்க. லத்தீன் பெயருக்குக் கீழே தமிழ், தெலுங்கு, வங்காளப் பெயரும் ஆங்கில எழுத்தில் இருக்கு. கொடுவா என்று நாம சொல்றதை அப்படியே போட்டிருக்கார்! கரையில் இருந்த மீன்காரங்க சொல்லாமல் இந்தப் பேரெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? டேயின் பேரில் ‘தாயி’ என்று சில மீன்களுக்கு லத்தீன் பெயர் வைத்திருக்காங்க. சொல்லிக் கொடுத்தவங்க பேர் நான் பார்த்த பக்கங்களில் ஒன்றில்கூட இல்லை. இது எனக்குக் குறைதான்.

1877ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். அங்கே பிரிட்டிஷ் மியூசியத்தில் மீன் நிபுணராக இருந்த குந்தருக்கும் இவருக்கும் ஒத்துப் போகவில்லை. ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் தப்பு சொல்வார். பெரியவங்களும் நம்ம மாதிரிதான் சண்டை போடுறாங்க! அதனால் 1883ல் தன் சேகரிப்பில் பெரும் பகுதியை ஆஸ்திரேலியாவில் சிட்னி மியூசியத்துக்கு விற்றார். மிச்சம் இருந்ததில் கொஞ்சத்தை 1889ல் அதே பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தார். அந்த வருஷம் ஜூலை 10ஆம் தேதி செல்டன்ஹாம் ஊரில் காலமானார். வயது 60.

நம்ம மதராஸ் கடற்கரையில் பிடித்த மீன்கள் இன்றைக்கும் சிட்னியில் பாட்டிலுக்குள் இருக்கு.