வழி கேட்ட சீனிவாசனார்

சட்டமன்றத் தலைவர்களின் வரலாறு என்றால் தேர்தல் களமும், மாலைகளும், வெற்றி முழக்கமுமே நம் நினைவுக்கு வரும். ஆனால் வாக்குரிமை என்பதையே அறியாத மக்களின் சார்பில், வாக்குக் கேட்டு நிற்கும் வாய்ப்பே இல்லாமல், சட்டசபைக்குள் நுழைந்து, தம் மக்கள் நடப்பதற்குத் தெருவும் குடிப்பதற்குத் தண்ணீரும் கேட்ட ஒரு பெரியாரின் வரலாறு நம்மிடையே உண்டு. அவர்தாம் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார்.

அவர் உழைத்தது சென்னையில். ஆயினும் அவர் பணியின் அருமையை அறிய வேண்டுமானால், மைசூர்ச் சீமையிலிருந்த கோலார் தங்கவயலை, அதன் ஆண்டர்சன்பேட்டையை, மாரிக்குப்பத்தை, சாம்பியன் ரீப்பை நாம் ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1880-ஆம் ஆண்டை ஒட்டி ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கினர். வட ஆர்க்காட்டிலிருந்தும், சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழர் அங்கே சென்று குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் சேரிகளிலிருந்து சென்றவர்கள். பாறை வெடித்துச் சரியும் ஆபத்தும், நுரையீரலைத் தின்னும் தூசியும் அவர்கள் அறியாதன அல்ல. இருந்தும் ஏன் சென்றனர்? ஊரிலே நிலமில்லை, கூலி நெல்லாக அளந்து விடப்பட்டது, பண்ணையாளின் கடன் மகன் தலையிலும் ஏறியது. சுரங்கத்திலோ உழைப்புக்குக் காசு கிடைத்தது.

ஆனால் அந்தக் காசை மடியில் முடிந்துகொண்டு திருவிழாவுக்குச் சொந்த ஊர் திரும்பியவனுக்கு என்ன வரவேற்பு? பூமிக்கடியில் பல ஆயிரம் அடி இறங்கிப் பொன் எடுத்தவன், தன் ஊரின் மேலத்தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. சில தெருக்களில் நடக்கவே கூடாது. பொதுக் கிணற்றில் இறங்கக் கூடாது. இந்த அநீதியைத்தான் சீனிவாசனார் சட்டசபையின் நடுக்கூடத்திற்குக் கொண்டு சென்றார்.

செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரே அவர் பிறந்த ஊர். பிறந்த ஆண்டு 1859 என்பர். 1860 என்பாரும் உளர். இரட்டைமலை என்பது அவர் தந்தையின் பெயர். கல்வி கோயம்புத்தூரில் வாய்த்தது. அங்கே அவர் பயின்ற கல்லூரியில் ஏறத்தாழ நானூறு மாணவர். அவர்களுள் பத்துப் பேர் தவிர ஏனையோர் அந்தணர். தம் குலம் இன்னது என்று தெரிந்துவிட்டால் படிப்பு என்னவாகுமோ என்ற அச்சம் அந்த இளைஞரை வாட்டியது. நட்புக் கொண்டால் ஊரும் உறவும் கேட்பார்களே என்று எவருடனும் பழகாதிருந்தார். பள்ளிக்கு வெளியே எங்காவது அமர்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்பிற்குள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் விரைந்து வெளியேறுவார். இச்செய்தியை அவரே 1939-இல் வெளியிட்ட தம் ஜீவிய சரித்திர சுருக்கத்தில் எழுதி வைத்துள்ளார்.

கல்விக்குப் பின் நீலகிரியில் ஐரோப்பியர் வாணிக நிலையங்களில் கணக்கராகப் பணி செய்தார். 1890-இல் சென்னைக்கு வந்தார். மாணவப் பருவத்தில் தம் குலப்பெயர் வெளியே தெரியாதிருக்க ஒதுங்கி வாழ்ந்தவர், 1893-இல் ஒரு பத்திரிகை தொடங்கி அதற்கு வைத்த பெயர் 'பறையன்' என்பது! எதைச் சொல்லி இழிவு செய்தார்களோ அதையே தலைப்பாகச் சூட்டிக்கொண்டார். ஒளிந்து நிற்பவனுக்கு உரிமை கிட்டாது என்பது அவர் கண்ட முடிவு. நான்கு பக்கங்களோடு திங்களிதழாகத் தொடங்கிய அது வார இதழாக வளர்ந்து, 1900 வரை நடந்தது.

இப்பெயரை எல்லோரும் ஏற்றுக்கொண்டனர் என்பதற்கில்லை. அதனை எதிர்த்தவருள் தலையாயவர் அயோத்திதாச பண்டிதர். அவர் சீனிவாசனாரின் உடன்பிறந்தாளை மணந்தவர், நெருங்கிய உறவினர். பிறர் சுமத்திய பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பது பண்டிதரின் கட்சி. அந்தப் பெயரோடே நிமிர்ந்து நின்று உரிமை கேட்போம் என்பது சீனிவாசனாரின் கட்சி. பண்டிதர் பௌத்தத்தின் வழியே விடுதலை தேடினார். அவர் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. அவருடைய 'தமிழன்' இதழ் 1914-இல் அவர் மறைந்த பின்னர், 1926-இல் தங்கவயலில் ஜி. அப்பாதுரையாரால் மீண்டும் உயிர் பெற்றது. மைத்துனர் இருவரும் இருவேறு பாதை சென்றனர். எனினும் இருவர் கேட்டதும் ஒன்றே: மனிதனை மனிதனாக நடத்த வேண்டும்.

சீனிவாசனாரின் முதற்பெரும் கிளர்ச்சி இன்றும் விவாதத்திற்குரியது. இந்தியர் ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் எழுத வழி செய்ய வேண்டும் என்று காங்கிரசார் கேட்ட காலம் அது. 1893-இல் சென்னை வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் கூட்டம் கூட்டி, அது வேண்டாம் என்று அவர் மனுத் தயாரித்தார். 3412 பேர் கையொப்பமிட்ட அம்மனுவின் நீளம் 112 அடி என்பர். அது பிரிட்டிஷ் பாராளுமன்றத்திற்கு அனுப்பப்பட்டது.

இங்கே ஒரு கேள்வி எழும். நாட்டவர்க்குப் பதவி கிடைப்பதை இந்நாட்டவர் ஒருவரே தடுக்கலாமா? வெள்ளையர்க்குத் துணை போகும் செயல் அல்லவா? இக்கேள்வியை அன்றும் கேட்டனர். அவர் நின்ற இடத்தில் நின்று பார்த்தால்தான் விடை புலப்படும். கல்லூரி வாயிலில் அஞ்சி நின்ற இளைஞர் அவர். தேர்வு இங்கே நடந்தால் அதை எழுதுவோர் யார், எழுதி வென்று தம் மக்கள்மீது அதிகாரம் செலுத்துவோர் யார் என்பது அவருக்குத் தெரியாதா? கல்வி சமமாகப் பரவுமுன் பதவி பரவினால், பழைய ஆண்டையே புதிய அதிகாரியாக வருவான் என்று அவர் அஞ்சினார். அவர் கண்ட மருந்தை நாம் ஏற்காமலிருக்கலாம். அவர் கண்ட நோய் பொய்யன்று.

1900-இல் இலண்டன் சென்று நேரில் முறையிடும் எண்ணத்துடன் கப்பல் ஏறினார். ஆனால் பயணம் ஆப்பிரிக்காவில் தடைப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தார். காந்தியடிகளோடு பழக்கம் ஏற்பட்டதும் அங்கேதான். ஏறத்தாழ இருபது ஆண்டுகளை அயல்நாட்டில் கழித்துவிட்டு, முதுமை தொடங்கிய பருவத்தில் தாயகம் திரும்பினார்.

அப்போது சென்னை மாகாணத்தில் 1919-ஆம் ஆண்டுச் சட்டப்படி புதிய சட்டசபை அமைந்திருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் 98 பேர். ஆனால் யார் தேர்ந்தெடுத்தனர்? நிலவரியோ, வீட்டு வரியோ, வருமான வரியோ செலுத்துவோர்க்கே வாக்கு. நான்கு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் வாக்காளர் ஏறத்தாழ பன்னிரண்டு இலட்சம் பேர். சேரியில் வாழ்ந்தவனுக்கு நிலமே இல்லை, வரி ஏது? வரி இல்லையேல் வாக்கு ஏது? ஆகவே தாழ்த்தப்பட்ட வகுப்பாரின் சார்பில் கவர்னரே சிலரை நியமித்தார். முதலில் எம். சி. ராஜா அவ்வாறு சென்றார். 1923-இல் சீனிவாசனாரும் நியமிக்கப்பட்டார்.

நியமன உறுப்பினரின் நிலை சங்கடமானது. அவர் பின்னே வாக்காளர் படை இல்லை. எனவே மந்திரிகள் அவரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நியமித்தவர் மனம் கோணினால் அடுத்த முறை இடமில்லை. அத்தகைய நாற்காலியில் அமர்ந்துகொண்டுதான் 1924-இல் அவர் தம் புகழ்பெற்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்த ஊரிலும் பொதுச் சாலையிலும் தெருவிலும் பாதையிலும் நடக்கலாம். பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றைச் சாதி இந்துக்கள் எவ்வாறு பயன்படுத்துகிறார்களோ அவ்வாறே பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. 1925-இல் அரசாங்கக் கெஜட்டிலும் வெளியாயிற்று.

தெருவில் நடக்கலாம் என்று ஒரு சட்டசபை கூடித் தீர்மானிக்க வேண்டியிருந்ததே, அதுவன்றோ அக்காலத்தின் நிலை! தீர்மானம் சட்டமன்று என்பதையும் நாம் மறத்தலாகாது. அது அரசாங்கத்திற்குச் சட்டசபை கூறும் பரிந்துரை. மறிப்பவனுக்குத் தண்டனை விதிக்கும் வலிமை அதற்கு இல்லை. தடை இல்லை என்று கெஜட் கூறியது. தடி இருக்கிறது என்று தெரு கூறியது. எனினும் பயன் ஒன்று விளைந்தது. அதுவரை வழக்கம் என்று சொல்லி மறித்தவர்கள், அதன்பின் அரசாங்க ஆணைக்கு எதிராக மறிப்பவர்கள் ஆயினர்.

கல்வி உதவியும், நில உரிமையும், மதுக்கடைகளைக் கட்டுப்படுத்துவதும் அவர் சட்டசபையில் வற்புறுத்திய மற்றப் பொருள்கள். கூலியாக வந்த காசு கள்ளுக்கடைக்குச் செல்வதைக் கண்டு வருந்தியவர், விடுமுறை நாள்களிலாவது அக்கடைகளை மூட வேண்டும் என்றார்.

ஆனால் நியமனத்தின் எல்லையை அவர் நன்கு உணர்ந்துவிட்டார். பிறர் தயவால் கிடைத்த இடம் பிறர் தயவு உள்ளவரைதான். இனி வேண்டுவது வாக்கு. அவர் தமக்காக வாக்குக் கேட்டு ஊர் ஊராகச் சென்றவர் அல்லர். தம் மக்களுக்கு வாக்கு வேண்டும் என்று கடல் கடந்து சென்று கேட்டவர். 1930-இல் இலண்டனில் வட்டமேசை மாநாடு கூடியபோது தாழ்த்தப்பட்ட வகுப்பாரின் பிரதிநிதிகளாக அழைக்கப்பட்டவர் இருவர். ஒருவர் முப்பத்தொன்பது வயது டாக்டர் அம்பேத்கர். மற்றவர் எழுபதைக் கடந்த சீனிவாசனார். மன்னரைக் காணும் வேளையில், தீண்டத்தகாதவன் என்ற சொல்லைத் தாங்கிய அடையாளத்தை அணிந்து, கை குலுக்காமல் விலகி நின்று தம் மக்களின் நிலையை உணர்த்தினார் என்று ஒரு செய்தி வழங்கிவருகிறது.

அவ்விருவரும் அளித்த திட்டத்தின் உயிர்நாடி இது: வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை; முதல் பத்தாண்டுகளுக்குத் தனி வாக்காளர் தொகுதி; அதன்பின் ஒதுக்கப்பட்ட இடங்களோடு கூட்டுத் தொகுதி. 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமரின் தீர்ப்பு தனித் தொகுதியை வழங்கியது. காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாநோன்பு மேற்கொண்டார். செப்டம்பர் 24-ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தனித் தொகுதி போயிற்று. ஒதுக்கப்பட்ட இடங்கள் மாகாணங்களில் 148 ஆக உயர்ந்தன. அவற்றில் 30 சென்னைக்கு. ஒப்பந்தத்தில் சீனிவாசனாரும் கையெழுத்திட்டார். முப்பது இடம் கிடைத்தது என்று மகிழ்வதா, அந்த முப்பதையும் தீர்மானிக்கும் வாக்கு ஊராரிடம் போயிற்றே என்று வருந்துவதா? 1937 தேர்தலில் அம்முப்பதில் பெரும்பாலான இடங்களைக் காங்கிரசே வென்றது. இந்த விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை.

முடிந்தது ஒன்று உண்டு. 1924-இல் பரிந்துரையாக இருந்தது, எம். சி. ராஜாவின் முயற்சியால் 1938-இல் சமூக இயலாமைகளை நீக்கும் சட்டமாயிற்று. 1950-இல் அரசியலமைப்பு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் அதைக் குற்றமாக்கிய நாடு தழுவிய சட்டம் வந்தது. முதல் இரண்டையே கண்ட சீனிவாசனார், 1945 செப்டம்பர் 18-ஆம் நாள் சென்னையில் மறைந்தார். ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என அரசாங்கம் அளித்த பட்டங்கள் பல. ஆனால் பட்டங்களைவிட, மூடியிருந்த தெருவில் முதன்முதல் நடந்தவனின் காலடியே அவருக்குச் சிறந்த நினைவுச்சின்னம்.

அவர் கேட்ட வாக்கு பின்னர் என்ன செய்தது என்பதற்குத் தங்கவயலே சான்று. அந்தத் தொகுதி இன்று தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. அம்பேத்கரின் கருத்தில் மலர்ந்த இந்தியக் குடியரசுக் கட்சியின் சி. எம். ஆறுமுகம், எஸ். இராஜேந்திரன் போன்றோர் அங்கிருந்து சட்டமன்றம் சென்றனர். எவரும் அவர்களை நியமிக்கவில்லை. சுரங்கத் தொழிலாளரே வாக்களித்து அனுப்பினர். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. ஆண்டர்சன்பேட்டை இளைஞர் பலர் வேலைக்காக நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறுகின்றனர். பொன் தீர்ந்தது, வாக்கு தீரவில்லை. அவ்வாக்கைக் கொண்டு வேலையும் வாழ்வும் கேட்பது அவர்கள் முன் உள்ள கடமை.

மாணவத் தோழர்களே, நம் முன் உள்ள கடமை வேறொன்று. மணி அடிக்கும்வரை வெளியே காத்திருந்த அந்தக் கோயம்புத்தூர் மாணவரை மறவாதீர்கள். இன்று நம் வகுப்பறைக் கதவு சட்டப்படி எல்லோர்க்கும் திறந்திருக்கிறது. ஆனால் ஊர் எது, உறவு எது என்று நாம் கேட்கும் கேள்வியில் இன்னும் எத்தனை பேர் வாய்மூடி ஒதுங்குகின்றனர்? விடுதியிலும் உணவுக்கூடத்திலும் ஒரு மாணவன்கூடத் தன்னை மறைத்துக்கொள்ள வேண்டாத நிலை வரும்போதுதான், சீனிவாசனார் கேட்ட வழி முழுமையாகத் திறந்தது என்று சொல்லலாம். அதற்குச் சட்டசபையின் தீர்மானம் வேண்டியதில்லை. நாமே நிறைவேற்றலாம்.