செண்டை ஒலி கேட்காத கவிஞர்

குட்டீஸ்! கதகளி பார்த்திருக்கிறீர்களா? முகத்தில் பச்சை வண்ணம், தலையில் பெரிய கிரீடம், குடை போல விரிந்த பாவாடை! நடிகர் வாய் திறந்து பேசவே மாட்டார். 24 அடிப்படைக் கை முத்திரைகளையும் கண்களையும் வைத்தே மகாபாரதக் கதைகளைச் சொல்லிவிடுவார். பின்னால் செண்டையும் மத்தளமும் அதிரும். இந்தக் கலையைக் காப்பாற்றப் பாடுபட்டவருக்கு அந்தச் செண்டைச் சத்தமே கேட்காது என்றால் நம்ப முடிகிறதா?

அவர்தான் மலையாள மகாகவி வள்ளத்தோள் நாராயண மேனன். கேரளத்தில் திரூருக்குப் பக்கத்தில் உள்ள சென்னரா என்ற ஊரில் 1878ம் ஆண்டு பிறந்தார். சிறு வயதிலேயே சமஸ்கிருதம் கற்றார். வால்மீகி ராமாயணத்தை மலையாளத்தில் மொழிபெயர்த்தார். முப்பது வயதைத் தாண்டியதும் காது கேட்கும் திறன் போய்விட்டது. அந்தத் துயரத்தையே கவிதையாக எழுதினார். அதன் பிறகும் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

அந்தக் காலத்தில் கதகளிக் குழுக்களுக்குச் சோறு போட்டவர்கள் மன்னர்களும் பெரிய நிலக்கிழார்களும்தான். ஒரு நடிகர் உருவாகப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். உடை, கிரீடம், வாத்தியம், விடிய விடிய எரியும் விளக்குக்கு எண்ணெய் என்று செலவும் அதிகம். காலம் மாறியது. பெரிய வீடுகளின் வசதி குறைந்தது. படித்தவர்களுக்குக் கதகளி மீது ஆர்வமும் குறைந்தது. குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. ஆசான்களுக்கு வயதாகிக்கொண்டே போனது. அவர்கள் போய்விட்டால் கற்றுக்கொடுக்க யார் இருக்கிறார்கள்?

வள்ளத்தோளுக்கு இதே கவலை. ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினால்தான் கலை பிழைக்கும் என்று முடிவு செய்தார். நண்பர் மணக்குளம் முகுந்தராஜா துணைக்கு வந்தார். பணம்? ஊர் ஊராகப் போய் நன்கொடை கேட்டார்கள். போதவில்லை. கடைசியில் லாட்டரிச் சீட்டு அச்சடித்து விற்றார்கள்! ஒரு மகாகவி லாட்டரிச் சீட்டு விற்பதைக் கற்பனை செய்து பாருங்கள். கௌரவம் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்தப் பணத்தில் 1930ம் ஆண்டு, குன்னங்குளம் அருகே 'கேரள கலாமண்டலம்' பிறந்தது. பட்டிக்காந்தொடி ராவுண்ணி மேனன் போன்ற பெரிய ஆசான் கற்றுக்கொடுக்க வந்தார். பிறகு பள்ளி, பாரதப்புழை ஆற்றங்கரையில் உள்ள செறுதுருத்திக்கு இடம் மாறியது. நம் ஆனைமலைப் பகுதியில் பிறக்கும் ஆறுதான் அது.

ஆனால், லாட்டரி ஒரு முறை கைகொடுக்கும். ஆசான்களுக்குச் சம்பளமோ மாதா மாதம் தர வேண்டும். மாணவர்களுக்குத் தினமும் சாப்பாடு வேண்டும். அரசர் ஒருவரின் விருப்பத்தையோ, பணக்காரர் ஒருவரின் மனதையோ நம்பி இருந்ததால்தானே பழைய குழுக்கள் அழிந்தன? நிலையான உதவி வேண்டுமானால் அது அரசின் கஜானாவிலிருந்துதான் வர வேண்டும். அப்போது கொச்சி தனி சமஸ்தானம். 1941ல் கலாமண்டலத்தைக் கொச்சி அரசிடமே ஒப்படைத்தார் வள்ளத்தோள். அரும்பாடுபட்டு வளர்த்த பிள்ளையை இன்னொருவர் கையில் கொடுப்பது போலத்தான். இனி முடிவுகளை அதிகாரிகளும் எடுப்பார்கள். அது தெரிந்தும் கொடுத்தார்.

1954ல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. மறு ஆண்டு, கலாமண்டலத்தின் வெள்ளிவிழாவுக்குப் பிரதமர் நேருவே வந்தார். 1956ல் கேரள மாநிலம் உருவானது. கலாமண்டலத்துக்கு மானியம் தரும் பொறுப்பு புதிய அரசின் கைக்கு வந்தது. அதைப் பார்த்துவிட்டு, 1958 மார்ச் 13ம் தேதி வள்ளத்தோள் காலமானார்.

2006ல் கலாமண்டலம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அங்கே மாணவர்கள் விடிவதற்கு முன்பே எழுந்து, கண்களைச் சுழற்றிப் பயிற்சி செய்கிறார்கள். ஆற்றங்கரையில், பழைய வளாகத்தில்தான் வள்ளத்தோளின் சமாதி இருக்கிறது.